ஐந்தாவது துளை

அன்று அங்கே இருந்தவர்கள் நான்கு பேர். கணினி வேலையே தொழிலான ஒரு வீட்டின் மூத்த மகள், அவளுடைய தாய்மாமா, மருத்துவமனையின் கணினி மேலாளர், கதவுக்கு வெளியே காவலாளி. ஐந்தாவதாக ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு மதியம், மூன்று மணி. ஜன்னல் இல்லாத அறை, கூரையில் ஒரு புதிய கேமரா. நோயாளிகளின் பதிவுகள் எல்லாம் புதிய சேமிப்புப் பெட்டிக்கு மாற வேண்டும். ஒன்றுக்கு ஏதாவது ஆனால் மற்றது தாங்கிக்கொள்ளும்படி, இரட்டையாக இயங்கும் இரண்டு சர்வர்கள் அந்தப் பெட்டியைப் பகிர்ந்துகொள்ளும். சர்வருக்கு இரண்டு கேபிள், மொத்தம் நான்கு. மூத்தவள் பெட்டியை உயிர்ப்பித்து, தன்னோடு இணைந்திருப்பவர்கள் யார் யார் என்று அது காட்டும் பட்டியலைத் திறந்தாள்.

ஐந்து வரிகள் இருந்தன.

"சார், இந்தப் பெட்டியில வேற ஏதாவது மாட்டியிருக்கா?"

மேலாளர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்கப்பாவும் இதையேதான்மா கேட்டார். அஞ்சாவதா ஒண்ணு வருதுன்னார். அப்புறம் என்ன ஆச்சுன்னு உனக்கே தெரியும். நாலு மணிக்கு வார்டுல எல்லாரும் திரும்ப கம்ப்யூட்டர்ல உள்ள வருவாங்க, அதுக்குள்ள முடி." கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

என்ன ஆயிற்று என்று ஊருக்கே தெரியும். நான்கு வருடங்களுக்கு முன் இதே அறையில் அவளுடைய அப்பா பதிவுகள் இருந்த ஒரே சேமிப்பு வட்டைப் பட்டியலில் வந்த ஐந்து பேருக்கும் கொடுத்தார். இரட்டைச் சர்வர்களின் கூட்டுக்குள் இல்லாத ஒன்று அதில் எழுதத் தொடங்கினால் இருவர் எழுதுவதும் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். மூன்று வருடப் பதிவுகள் ஒரு மதியத்தில் குப்பையாயின. "எதிர்வாசிப்பு வந்தது, அதனால் கொடுத்தேன்" என்றார் அப்பா. எவரும் நம்பவில்லை. சாகும்வரை அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்தப் பேச்சை முடித்துவைக்கத்தான் மூத்தவள் இந்த வேலையைத் தானே கேட்டு வாங்கினாள்.

எதிர்வாசிப்பு அந்தக் குடும்பத்தின் வழக்கம். கேபிள் செருகும் ஒவ்வொரு துளைக்கும் பதினாறு எழுத்துகளில் ஓர் எண் உண்டு. ஒருவர் திரையில் இருப்பதை வாசிப்பார். சர்வர்களும் பெட்டியும் பொருத்திய அடுக்கின் பின்னால் நிற்பவர் துளையின் ஒட்டுச்சீட்டைப் பார்த்துத் திருப்பி வாசிப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் பட்டியலில் அந்த வரிக்கு டிக், அதாவது வட்டில் எழுத அனுமதி. சாப்பாட்டு மேசையில் கைப்பேசி எண் சொன்னால்கூட அந்த வீட்டில் யாராவது திருப்பிச் சொல்லிவிடுவார்கள். நாக்கு அப்படிப் பழகிவிட்டது.

மாமா அடுக்கின் பின்னால் போய் நின்றார். "சத்தமா வாசி, பெரிசு. இந்த ஃபேன் இரைச்சல்ல உன் குரல் கொசு மாதிரி கேக்குது. மச்சான் வாசிச்சா பக்கத்துத் தெருவே திருப்பிச் சொல்லும்."

"நீங்க முதல்ல கண்ணாடியப் போடுங்க மாமா."

முதல் எண் சரி. இரண்டாவது சரி. மூன்றாவதை அவள் வாசிக்கும்போது, தரைத் துளைகளிலிருந்து எழும் குளிர்காற்று கணுக்காலைச் சுற்றி மெதுவாக மேலேறுவதையும், புதிய பிளாஸ்டிக் வாடைக்கு அடியில் நாள்பட மூடிய வாயின் வாடை போல ஏதோ ஒன்று கலந்திருப்பதையும், நூற்றுக்கணக்கான ஃபேன்கள் ஒரே மூச்சாக இரைந்துகொண்டிருக்க அதற்குள்ளிருந்து மாமாவின் குரல் மட்டும் இரைச்சலே இல்லாத இடத்திலிருந்து வருவது போலத் தெளிவாக வருவதையும் உணர்ந்தாள். மாமா ஒவ்வொரு எண்ணின் முடிவிலும் 'சரிம்மா' என்பார். மூன்றாவதற்குச் சொல்லவில்லை. நான்காவதற்கும் சொல்லவில்லை. நான்காவதின் கடைசி எழுத்தை, அவள் வாசிக்கும் முன்பே குரல் சொல்லிவிட்டது.

பிறகு ஐந்தாவதைத் தானாகவே வாசிக்கத் தொடங்கியது.

அவள் நாக்கு அசைந்தது. திருப்பிச் சொல்லத்தான்.

முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. கையில் கேபிளோடு மாமா நின்றார். "ரெண்டு முடிஞ்சதும் போனேனே, கேக்கலையா? நாலாவது கேபிள் மடங்கியிருந்துச்சு, வண்டியில இருந்து வேற எடுத்துட்டு வந்தேன். யாரும்மா உள்ள?"

அடுக்கின் பின்னாலிருந்து அதே மாமாவின் குரல் ஐந்தாவது எண்ணை வாசித்துக்கொண்டிருந்தது.

மாமா அவள் தோளைப் பிடித்து இழுத்தார். "வா. வெளிய வந்துடு."

"மாட்டேன். கேபிளைக் குடுங்க. நீங்க வெளிய நில்லுங்க, மாமா. உள்ள நான் ஒருத்திதான் இருந்தேன்னு நாளைக்கு எல்லாருக்கும் தெரியணும்."

"பிடிவாதத்துல அப்பனை உரிச்சு வச்சிருக்க."

"ஆமா."

கதவை உள்ளிருந்து பூட்டினாள். மூன்றாவது, நான்காவது டிக்குகளை நீக்கினாள். டார்ச் விளக்கோடு அடுக்கின் பின்னால் போனாள். யாரும் இல்லை. கேபிளை மாற்றினாள். மூன்றாவது, நான்காவது ஒட்டுச்சீட்டுகளைக் கண்ணால் பார்த்து, கையில் எழுதிக்கொண்டாள். பெட்டியில் ஐந்தாவது துளை இருந்தது. தூசு புகாமலிருக்க வைத்த ரப்பர் மூடி அப்படியே இருந்தது. கேபிள் இல்லை. அதன் மேலே இணைப்பைக் காட்டும் விளக்கு பச்சையாக எரிந்தது.

திரைக்கு வந்தாள். கையில் எழுதியதோடு ஒப்பிட்டு நான்கு டிக். தொடங்கு என்று அழுத்தினாள். சர்வர்கள் வட்டைத் தமதாக்கிக்கொள்ள இருபது நிமிடம் ஆகும். அதுவரை பட்டியல் திறந்தே இருக்கும்.

குரல் வாசித்தது. நின்றது. காத்திருந்தது.

பதில் அவள் தொண்டையில் ஏறியது. பதினாறு எழுத்தும் வரிசையாக, தயாராக. அப்பா இங்கேதான் திருப்பிச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. குடும்பத்தின் ஒழுங்கைத்தான் கடைப்பிடித்தார்.

இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குரல் மறுபடி வாசித்தது. இப்போது அருகில். பிறகு வேறொரு குரல் அதைத் திருப்பிச் சொன்னது. பெண் குரல்.

அவளுடைய குரல்.

ஐந்தாவது வரியில் டிக் விழுந்தது. நீக்கினாள். விழுந்தது. நீக்கினாள். கழுத்தில் மூச்சு. திரும்பவில்லை. தரமாட்டேன். டிக். நீக்கினாள். உனக்கு இங்கே இடமில்லை. டிக். நீக்கினாள். பல் உள்ளங்கையில் இறங்கியது. டிக். நீக்கினாள்.

நான்கு மணிக்குப் பட்டியல் மூடிக்கொண்டது. நான்கு பேர். மேலாளர் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு ஒரு பதிவும் கெடவில்லை.

அவள் அந்த அறையில் புத்தி பேதலித்து, இருபது நிமிடம் மாமாவைப் போலவும் தன்னைப் போலவும் மாறி மாறி எண்களைக் கத்திக்கொண்டிருந்தாள், கதவருகே நின்ற மூன்று பேரும் கேட்டார்கள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. அவர்கள் கேட்டது உண்மை. ஆனால் கூரைக் கேமராவின் பதிவு இருக்கிறது. மேலாளரும் பார்த்தார், நானும் பார்த்தேன். இருபது நிமிடமும் அவள் வலது கை வேலை செய்கிறது. இடது கை வாயின் மேல் இருக்கிறது, விரலிடுக்கில் ரத்தம் வழிகிறது. அந்தக் கையின் மேல், அதை விலக்கப் பார்த்தபடி, இன்னொரு கை இருக்கிறது.