மதுஷா கண்ட காளான்

ஆதிரைக்குப் பதினொரு வயது. தங்கை மதுஷாவுக்கு எட்டு வயது. மதுஷாவின் கண்களுக்குப் பக்கத்தில் இருப்பவைகூடப் புகை மூடியதுபோலத்தான் தெரியும்.

2006ஆம் ஆண்டு இலையுதிர்கால விடுமுறையில், ஜெர்மனியின் ரோஸ்டொக் நகரிலிருந்து இருவரும் ஒரு சிறுவர் குழுவோடு பால்டிக் கடலோரப் பைன் காட்டுக்குப் போனார்கள்.

வழிகாட்டி காத்ரினுக்கு அன்று நல்ல ஜலதோஷம். "ஆளுக்கொரு காளானைத் தேடி, அதன் பெயரையும் கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தும்மினார். "பறிக்கக் கூடாது. வாயில் வைக்கவே கூடாது."

பிள்ளைகள் ஓடினார்கள். "இங்கே பார், சிவப்பு", "அங்கே பார், மஞ்சள்" என்று குரல்கள் கேட்டன. மதுஷா ஒரு மர வேரில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க போங்கோ அக்கா. நான் வரேல்லை."

"ஏன்?"

"எல்லாரும் பார், பார் எண்டுதான் சொல்லினம். எனக்குப் பாக்க ஏலாது."

ஆதிரைக்கும் ஓட ஆசைதான். அவளுடைய தோழிகள் மரங்களுக்கு அப்பால் மறைந்துவிட்டார்கள். அவர்கள் போன பக்கம் சில அடி வைத்தவள், திரும்பி வந்து தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப கையால தேடுவம். உன்ர கைக்குக் கிட்ட என்ன இருக்கு?"

மதுஷா அரைமனதோடு தடவினாள். "பாசி... குச்சி... இது என்ன? மேல வெல்வெட் மாதிரி. கீழ முள்ளு முள்ளா இருக்கு. ஆனா குத்தேல்லை. பூனையின்ர நாக்கு மாதிரி."

ஆதிரை குனிந்தாள். கரிக்கட்டை என்று நினைத்து அவள் தாண்டி வந்தது ஒரு காளான். கறுப்புக் குடை, வெளுத்த விளிம்பு. குடையின் அடியில் சாம்பல் நிறத்தில் குட்டிக்குட்டி முட்கள்.

காத்ரின் புத்தகத்தோடு வந்து மண்டியிட்டார். "இதைப்போல இரண்டு வகை இருக்கின்றன. படத்தை வைத்துச் சொல்ல முடியாது. காய்ந்த பிறகு வரும் வாசத்தில்தான் தெரியும். என் மூக்கோ அடைத்துக் கிடக்கிறது."

பக்கத்தில் அதேபோன்ற காளானின் காய்ந்த துண்டு ஒன்று உடைந்து கிடந்தது. மதுஷா அதை எடுத்து முகர்ந்தாள்.

"அக்கா, வெந்தயம்."

"சும்மா சொல்லாதை."

"உண்மையா. அம்மா கறித்தூளுக்குப் போடுற வெந்தயம்."

ஆதிரையும் முகர்ந்தாள். வெந்தயமேதான். ஆனால் வெந்தயத்துக்கு ஜெர்மன் மொழியில் என்ன பெயர்? அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விதை" என்றாள் காத்ரினிடம். "பார்க்கச் சதுரமாக இருக்கும். கடித்தால் கசக்கும். நாங்கள் கறித்தூளில் போடுவோம்."

காத்ரினின் விரல் புத்தகத்தில் ஒரு வரியில் நின்றது. "பொக்ஸ்ஹோர்ன்கிளே. நீ சொல்லும் விதை இதுதான். அந்த வாசம் வந்தால் இது கறுப்பு வாச முட்காளான். இங்கே இதை நான் பார்த்ததே இல்லை. யார் கண்டுபிடித்தது?"

"என் தங்கை" என்றாள் ஆதிரை.

செய்தி காடு முழுக்கப் பரவியது. ஒரு பையன் கீழே கிடந்த காளான் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து மதுஷாவிடம் நீட்டினான். "இது என்ன வாசம்?"

மதுஷா கண்ணை மூடி முகர்ந்தாள். "மழையில் நனைந்த காலுறை."

எல்லோரும் சிரித்தார்கள். "எனக்கும் சொல்", "எனக்கும்" என்று நெருக்கினார்கள்.

மதுஷா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வரிசையாக வாருங்கள்."

ஆதிரையும் ஓடிப்போய் அந்த வரிசையின் கடைசியில் நின்றாள்.