பால் காய்ச்ச வந்தவள்

சமையல்மேடை சூடாக இருந்தது.

ஜெயபிரியா சும்மாதான் கையை வைத்தாள். கறுப்பு கிரானைட், முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் போலப் பளபளப்பு. வாங்கிப் போட்ட நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் குடியிருந்ததே இல்லை என்று புரோக்கர் தங்கராஜ் லிஃப்டில் வரும்போதே சொல்லியிருந்தார். அடுப்பு இல்லை, சிலிண்டர் இல்லை, வெயில் விழுகிற பக்கமும் இல்லை. இருந்தும், யாரோ இப்போதுதான் பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு நகர்ந்த மாதிரி ஒரு வட்டம் மட்டும் கதகதவென்று இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப்போய் இந்த வீடும் கைவிட்டுப் போய்விட்டால்?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்ன பெரியவர்கள், புருஷன் இல்லாமல் வாடகைக்கு வீடு தேடிப் பார் என்று ஒரு வரி சேர்க்க மறந்துவிட்டார்கள். தர்மபுரி டவுனில் அவள் ஏறி இறங்காத படி கிடையாது. ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை, நாளெல்லாம் நின்றே வீங்கிய கால். அந்தக் காலோடு ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத்தெருவாக அலைந்தாள். வாயெல்லாம் சிரிப்பாக வரவேற்று, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "வூட்டுக்காரர் என்ன பண்றாருங்க?" என்பார்கள். பதில் சொன்னதும் அந்தச் சிரிப்பு எங்கே போகுமோ தெரியாது. "எங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க, அக்கம்பக்கம் ஒரு மாதிரி பேசுவாங்க." லேடீஸ் ஹாஸ்டலில் குழந்தைக்கு இடமில்லை.

குழந்தை கம்பைநல்லூரில் இருந்தாள். ஐஸ்வர்யா. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து அப்பன்காரன் போனதிலிருந்து அவளை மாமியார் தீர்த்தம்மாள்தான் வைத்திருந்தாள். கொழுந்தனுக்குப் பிள்ளை இல்லை. அவன் பெண்டாட்டி தலை பின்னிவிட்டாள், ஊட்டிவிட்டாள், பக்கத்தில் படுக்கவைத்துக் கதை சொன்னாள். போன தடவை ஜெயபிரியா போயிருந்தபோது ஐஸ்வர்யா அந்தச் சித்தியை "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு இவளைத் திரும்பிப் பார்த்தாள். 

தீர்த்தம்மாள் கெட்டவள் இல்லை, பேச்சுத்தான் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள மானமா ஒரு வூடு புடிச்சுப் பால் காச்சு. அன்னிக்கே புள்ளைய இட்டுக்கிட்டு நானே வந்து பாக்கறேன். மனசுக்குப் புடிச்சா வுட்டுட்டு வர்றேன். இல்லீனா அவ இங்கயே கெடக்கட்டும் ஜெயா, பாவம், ஒரே எடமா இருந்துக்கட்டும்."

அப்படி இருக்கையில்தான் இந்த வீடு. பைபாஸ் ரோட்டோரம், பெங்களூர்க்காரர்களுக்கென்று எழுப்பிய அடுக்குமாடி. கீழே நீச்சல்குளம், கண்ணாடிக் கதவு, ஆள் நடந்தால் தானாக எரிந்து ஆள் போனதும் அணைகிற வராந்தா விளக்கு. ஏழாவது மாடியில் ஒரு பெட்ரூம், ஹால், கிச்சன். டவுனுக்குள் இருட்டுச் சந்தில் கேட்கிற வாடகையைத்தான் கேட்டார்கள்.

"எல்லாரும் வாங்கிப் போட்டுட்டுப் பூட்டி வெச்சிருக்காங்க மேடம். ஆள் பொழங்குனா வூடு நல்லா இருக்கும்னுதான் கொறைச்சுக் குடுக்கறாங்க," என்றார் தங்கராஜ். சாவியைக் கொடுத்தவர் உடனே போகவில்லை. செருப்புக்குள் காலை விட்டு, எடுத்து, மறுபடி விட்டார். "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. பால் சட்டியை நீங்களே உங்க கையால அடுப்புல ஏத்துங்க. வேற ஆருக்கும் வுட்ராதீங்க. எந்தக் கை ஏத்துதோ அந்தக் கைக்குத்தான் வூடு."

புருஷனை இழந்தவள் என்று பரிதாபப்பட்டுத் தைரியம் சொல்கிறார் என்றே அவள் நினைத்தாள். நல்ல மனுஷன். ஆனால் ஆம்பளைக்கு என்ன தெரியும்? தாலி இழந்த கை பால் சட்டியை ஏற்றியது என்று தெரிந்தால் தீர்த்தம்மாள் வாசலோடு திரும்பிவிடுவாள். உடன் வேலை பார்க்கிற சுசித்ராவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான். அவளை விடிகாலையில் வரச்சொல்லிக் கையைப் பிடித்துக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள்.

இருட்டோடு எழுந்து, முந்தின நாளே அடுப்பும் சிலிண்டரும் கொண்டுவந்து வைத்திருந்த புது வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவே கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது போலிருந்தது. குழாயை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். ஒன்றுமில்லை. இத்தனை பெரிய கட்டடம் இத்தனை ஓசையில்லாமல் இருக்கமுடியுமா என்றுதான் பயமாக இருந்தது. தூரத்தில் பைபாஸில் போகிற லாரியின் உறுமல், அது போனபின் சுவருக்குள் ஏதோ குழாயில் தண்ணீர் இறங்குகிற களகளப்பு, அதுவும் நின்றபின் புது பெயின்ட் வாசனையும் அதற்கு அடியில் தீய்ந்த பால் வாசனையும் மட்டுமே மிஞ்சின. அவள் இன்னும் பால் பாக்கெட்டைக்கூடப் பிரிக்கவில்லை.

ஹாலில் சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். புதுப் பித்தளைச் சட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பாலை ஊற்றினாள். சுசித்ரா வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வத்தல்மலைப் பக்கம் வானம் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறத் தொடங்கியது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. கம்பைநல்லூரிலிருந்து முதல் பஸ் எப்போதோ கிளம்பியிருக்கும். ஜன்னலோரம் ஐஸ்வர்யா மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நானே ஏற்றிவிடுகிறேன் என்று சட்டியைக் கையில் எடுத்தாள். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? ஆனால் கை அடுப்புக்குப் போகவில்லை. "உங்கையாலயா ஏத்துன?" என்று மாமியார் கேட்கிற குரல் காதுக்குள்ளேயே கேட்டது. பொய் சொன்னால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். என் தலையெழுத்தே, என் கண்ணே, எனக்கு யாருமே இல்லையா என்று வாய்விட்டே அழுதுவிட்டாள்.

கதவு தட்டப்பட்டது.

ஓடிப்போய்த் திறந்தாள். சுசித்ரா இல்லை. வேறொருத்தி. வகிட்டில் குங்குமம், புதிதாக மஞ்சள் பூசிய தாலிக்கயிறு, காதோரம் ஈரம் காயாத முடி. பார்த்த முகம் போலவும் இருந்தது, எங்கே என்று பிடிபடவும் இல்லை. அவளுக்குப் பின்னால் வராந்தா முழுக்க இருட்டாகக் கிடந்தது. ஆள் நடந்தால் எரியவேண்டிய விளக்கு ஒன்றுகூட எரியவில்லை.

"அழுவற சத்தம் கேட்டுது கண்ணு," என்றாள் அவள். "பால் காச்ச ஆள் இல்லீங்களா? நான் ஏத்தி வெக்கட்டுமா?"

இருட்டை ஜெயபிரியா பார்க்கத்தான் செய்தாள். ஆனால் அந்த மஞ்சள் கயிற்றைத்தான் மனசு பார்த்தது. "சாமியே அனுப்பிச்சாப்பல வந்தீங்கக்கா. வாங்க, உள்ள வாங்க," என்று கையைப் பிடித்தாள். கை கொதித்தது. காய்ச்சல் கண்டவள் கை போல.

அவள் வழி கேட்கவில்லை. சமையலறை விளக்கின் சுவிட்ச் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதைத் தேடவும் இல்லை. பால் சட்டியை எடுத்து அடுப்பில் ஏற்றினாள். தீ நீலமாக எழுந்தது.

"உன் பேரென்ன?"

"ஜெயபிரியாங்க."

"ஜெயபிரியா." அவள் அதை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "புள்ளை?"

"ஐஸ்வர்யா. ஒண்ணாவது சேரப்போறா. இப்ப வந்துக்கிட்டு இருக்கா."

"வரட்டும், வரட்டும். வூட்டுல எத்தினி பேரு?"

"ரெண்டே பேருதாங்கக்கா."

பால் பொங்கியது. நாலா பக்கமும் ஒரே நேரத்தில், சத்தமில்லாமல் பொங்கியது. அவள் சூட்டுச் சட்டியை வெறுங்கையால் இறக்கினாள். இரண்டு டம்ளரில் ஊற்றினாள். ஒன்றை எடுத்து ஆற்றாமல், ஊதாமல், கொதிக்கக் கொதிக்க ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொன்றைத் தட்டுப் போட்டு மூடினாள்.

"இது புள்ளைக்கு," என்றாள்.

ஜெயபிரியா காலி டம்ளர்களைப் பார்த்தாள். மேடையில் இன்னும் நாலு இருந்தன. தனக்கு ஏன் ஊற்றவில்லை என்று கேட்க வாயெடுத்தாள். போன் அடித்தது. சுசித்ரா.

"அக்கா, எங்கக்கா இருக்கீங்க? நான் அப்பவே வந்து பாத்துட்டுத் திரும்பி வூட்டுக்கே வந்துட்டேன். போனை வூட்டுலயே மறந்து வெச்சுட்டேன்."

"வந்தியா? எங்க வந்த?"

"ஏழாவது மாடிதான? பெல் அடிச்சேன். ஒரு அம்மா கதவைத் தொறந்து, ஜெயபிரியாவா, அப்படி இங்க ஆரும் இல்லம்மா, இது எங்க வூடுன்னாங்க. உள்ள பாத்ரூம்ல தண்ணி ஊத்தற சத்தம் கேட்டுது. அவுங்க வூட்டு ஆளுங்க குளிக்கறாங்கன்னு நெனைச்சேன். அக்கா? கேக்குதாக்கா? ஹலோ?"

"சுசி," என்றாள் ஜெயபிரியா.

"ஹலோ? ஹலோ? ஒண்ணுமே கேக்கலையேக்கா."

மறுபடி கத்தினாள். தொண்டை நரம்பு புடைத்தது. அறைக்குள் ஒரு சத்தமும் இல்லை. போன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அதற்கும் சத்தமில்லை.

அந்தப் பெண் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாள். வகிட்டில் குங்குமமும் இல்லை, கழுத்தில் மஞ்சள் கயிறும் இல்லை. பார்த்த முகம்தான். தினமும் பார்த்த முகம். கண்ணாடியில்.

வெளியே லிஃப்ட் வந்து நின்றது. வராந்தாவில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டு வந்தன. கதவின் அடியில் வெளிச்சம். சின்னச் செருப்புச் சத்தம். ஓடிவருகிற சத்தம்.

"அம்மா! அம்மா, லிஃப்ட்ல வந்தேன்மா!"

ஜெயபிரியா பாய்ந்தாள். கால் நகரவில்லை. சுவரோடு சுவராக நின்றாள். அந்தப் பெண் நிதானமாக நடந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

"வாங்கத்தை. வாடா தங்கம்." ஜெயபிரியாவின் குரல்தான். அச்சு அசல்.

தீர்த்தம்மாள் மூச்சு வாங்க உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தாள். "ஏ ஜெயா, வூடு அரமணையாட்டம் இருக்குதே! ஆரு பால் காச்சுனது?"

"நாந்தானுங்கத்தை. என் வூட்டுக்கு நான்தான காச்சணும்?"

தீர்த்தம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, கண் கலங்கி அவள் கன்னத்தைத் தடவினாள். "அதுவும் சரிதான். நல்லா இரு சாமி. புள்ளை இனி உன்கிட்டயே இருக்கட்டும்."

இந்த வார்த்தைக்காகத்தான் ஜெயபிரியா நாய் படாத பாடு பட்டாள்.

ஐஸ்வர்யா சமையலறைக்குள் ஓடிவந்தாள். இரட்டைச் சடை, புது கவுன், முன்பல் விழுந்த சிரிப்பு. ஜெயபிரியா இருந்த பலத்தையெல்லாம் திரட்டி இரண்டு கையையும் நீட்டினாள். கண்ணு. அம்மா இங்க. இங்க பாரு.

குழந்தை பார்த்தாள். நேராக இவளைத்தான் பார்த்தாள்.

சிரிப்பு நின்றது. ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனாள். பின்னாலேயே வந்து நின்றவளின் கால்களில் முட்டிக்கொண்டு, அந்தப் புடவைக்குள் முகத்தைப் புதைத்து வீறிட்டு அழுதாள்.

"அம்மா, பயமா இருக்குதும்மா. அதைப் போகச் சொல்லும்மா."