பல்லவி வந்தால் எழுந்திரு!

டானியாவின் வீட்டில் தினமும் மாலை ஐந்து மணிக்கு அழைப்புமணி அடிக்கும். அவர்கள் போகும் சர்ச்சான வானவடித் தமிழ்ச் சபையில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், வீடு தேடி வந்து பாடி ஜெபிப்பது வழக்கம். டானியாவின் அம்மா அமலாவுக்குப் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் கீமோ மருந்து ஏற்றுகிறார்கள். அதனால் நாலே பேர், முகக்கவசம் போட்டுக்கொண்டு வருவார்கள். அன்புக்குக் குறைவே இல்லை. தொல்லையும் அந்த அன்புதான்!

போன தடவை மருந்து ஏற்றியபோது அம்மாவின் கால்கள் துவண்டுவிட்டன. சக்கர நாற்காலியில்தான் கூட்டி வந்தார்கள். அன்று அம்மா அழுதார்.

"அடுத்த தடவை என் கால்லதான் நடந்து போவேன், பாரு" என்றார் டானியாவிடம்.

அதற்கு வழியும் இருந்தது. பிசியோதெரபி பார்க்கும் ரோஹிணி, டாக்டரைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். நாற்காலியிலிருந்து தினமும் எட்டு முறை எழுந்து உட்கார வேண்டும். படுத்தே இருந்தால் அசதி கூடத்தான் செய்யுமாம்.

காலையில் அம்மாவுக்குத் தலைசுற்றும். மாலையில்தான் கொஞ்சம் தெம்பு வரும். கூடவே சபையின் நாலு பேரில் ஒருவரான பாக்கியவதி ஆன்ட்டியும் வந்துவிடுவார்.

"ஏட்டி அமலா, எந்திரிக்காத! ஆராமா படு!"

வந்தவர் மனம் நோகக் கூடாதே என்று அம்மாவும் படுத்துவிடுவார்.

"ஆன்ட்டி, அம்மா எக்சர்சைஸ் பண்ணணும்" என்று டானியா சொல்லிப் பார்த்தாள்.

"சீக்காளிக்கு எக்சர்சைஸா? நீ போய் ஹோம்வொர்க்கப் பாரு!"

ஆறு நாள் இப்படியே போயிற்று. டானியாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

ஏழாம் நாள் ஆன்ட்டி, "இன்னிக்குப் பாட்ட நீ சொல்லு டானியா" என்றார்.

டானியா பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். ஏழு சரணம் உள்ள பாட்டு ஒன்று கிடைத்தது. அப்படியென்றால் பல்லவி எட்டு முறை வரும்! அம்மாவைச் சுவரோரமாக இருந்த கைவைத்த நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"சர்ச்ல எழுந்து நின்னுதானே பாடுவோம்? இங்கேயும் பல்லவிக்கு எல்லாரும் எழுந்திருக்கணும், சரணத்துக்கு உட்காரணும்!"

"ஏழு சரணமா, ஏட்டி? ரெண்டு போதும்!"

"கர்த்தருக்குப் பாடுறத பாதியில நிறுத்தலாமா ஆன்ட்டி?"

ஆன்ட்டி முதல் ஆளாக எழுந்து நின்றார்.

முதல் பல்லவிக்கு அம்மா நாற்காலியின் கைகளை அழுத்தி மெல்ல எழுந்தார். டானியா பக்கத்திலேயே நின்றாள். மூன்றாவது முறை ஆன்ட்டி தாங்கிப் பிடிக்க ஓடி வந்தார்.

"விடுங்கக்கா, நானே எந்திரிக்கேன்" என்றார் அம்மா. அவர் கண்கள் சிரித்தன.

அன்று ஐந்து முறைதான் முடிந்தது. பரவாயில்லை. தினமும் அதே பாட்டு. ஒரு வாரத்தில் எட்டும் முடிந்தது. ஆன்ட்டிக்குத்தான் மூச்சு வாங்கியது.

மருந்து ஏற்றும் நாள் வந்தது. ஆன்ட்டியும் துணைக்கு வந்தார். அப்பா லியோனார்ட் ஆட்டோவுக்குக் காசு கொடுப்பதற்குள் ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"வேண்டாம்" என்று அம்மா கையை ஆட்டினார்.

"அப்ப எனக்குக் குடுங்க! பாடிப் பாடியே முட்டி போச்சு!" என்று ஆன்ட்டி பொத்தென்று அதில் உட்கார்ந்தார்.

வார்டு வாசலில் நர்ஸ் ஆன்ட்டியிடம் குனிந்து, "அமலா லியோனார்ட்?" என்று கேட்டார்.

"நான்தான்!"

பின்னால் நடந்து வந்த அம்மாவின் குரல். அவர் டானியாவைப் பிடித்திருந்த கையை அப்படியே உயரத் தூக்கிக் காட்டினார்.