ஊதிப் பார்த்த தட்டு

காலை 10.10. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி வெடித்த சத்தம் கேட்டு அவள் ஓடினாள். அவள் உதவியாளராக இருந்த விஞ்ஞானி, அக்காவின் கணவர் அத்தான், மேசையடியில் கிடந்தார், கழுத்தில் கண்ணாடிச் சில்லு. மூச்சு இல்லை. திரவத்தின் சூட்டைக் காட்டும் வெப்பமானி மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் நாற்பது டிகிரியில் நின்றுகொண்டிருந்தது.

11.30. பெண் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"இந்தக் கண்ணாடிக் கலத்துல திரவத்தச் சூடாக்குற தட்ட மாட்டினது யாரு?"

"நான்தான் மேடம்." வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து தங்கையின் முகத்தை அவள் ஏறிட்டே பார்க்கவில்லை. சொந்த அக்கா தாலியை அறுத்தவள் என்று ஊர் சொல்லும். அதைவிட, அக்காவே சொல்லிவிடுவாளோ என்றுதான் இவள் பயந்தாள்.

"திரவம் சூடாகல. அப்புறம் எப்படி வெடிச்சுது?"

"சூடு தட்டுலருந்து திரவத்துக்குப் போகணும் மேடம். ரெண்டும் தொடுற இடத்துலயே ஒரு தடை இருக்கும். திரவம் நல்லா ஒட்டினா தடை கம்மி. ஒட்ட விடாத பூச்சு ஒண்ணு இருக்கு, ஒரே ஒரு மூலக்கூறு தடிமன், கண்ணுக்குத் தெரியாது. அதப் பூசிட்டா கதவ சாத்தின மாதிரி, சூடு தட்டுலயே தங்கிடும். தட்டு அளவுக்கு மீறிச் சூடேறி கண்ணாடி வெடிச்சிடும்."

"பூசின தட்ட எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"வாயால ஊதுவோம். நல்ல தட்டுன்னா மூச்சு பால் ஏடு மாதிரி பரவி உடனே காஞ்சிடும். ஒன்பது மணிக்கு ஊதிப் பாத்தேன், நல்லாதான் இருந்துச்சு. ஒன்பதரைக்கு அவர் பாக்கணும்னு கேட்டாரு, குடுத்தேன். திருப்பிக் குடுத்ததும் மாட்டிட்டேன்."

'அவர்' என்றால் கணக்குப்புலி. கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்காத விஞ்ஞானிக்கு அத்தான் வைத்த செல்லப்பெயர்.

12.15. கணக்குப்புலி நிதானமாகப் பேசினார். "என் கைக்கு வந்தப்போ நல்ல தட்டு மேடம். நானே ஊதிப் பாத்தேன். மூச்சு பனித்துளி மாதிரி மணி மணியா அழகா நின்னுச்சு. அதுக்கப்புறம் அது இருந்தது அந்தப் பொண்ணு கையிலதான்."

போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் கையுறை போட்டு, உடைந்த கலத்திலிருந்த தட்டைத் துடைத்து ஊதினார். எண்ணெய் தடவிய தட்டில் தண்ணீர்போல மூச்சு முத்து முத்தாக நின்றது. பெட்டியிலிருந்து ஒரு புதுத் தட்டை எடுத்து ஊதினார். ஏடாகப் பரவிக் காய்ந்தது.

"மணி மணியா நிக்கிறது கெட்ட தட்டு சார். இங்க தட்டு தொடுற எல்லாருக்கும் தெரியும். நீங்க வாழ்க்கையில ஊதிப் பாத்தது ஒரே தட்டுதான், நீங்களே பூசினது. அதான் நல்ல தட்டும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுட்டீங்க. செத்தவரோட கண்டுபிடிப்ப உங்க பேர்ல ஆய்விதழுக்கு அனுப்பியிருக்கீங்க. அதுக்கு அவர் எழுதின புகார் இந்த மேசையிலதான் இருக்கு. ஒன்பதரைக்கு மாத்தின நல்ல தட்டு எங்க?"

கணக்குப்புலியின் கை தானாகக் கோட்டுப் பையைத் தொட்டது. கான்ஸ்டபிள் அதிலிருந்து தட்டை எடுத்தார்.

1.05. அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அக்கா முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

"மாட்டுறதுக்கு முன்னால இன்னொரு தடவ ஊதியிருந்தா அவர் இருந்திருப்பாரு, இல்லடி?"

"ஆமாக்கா" என்றாள்.