வீல் கப்பில் ஒரு முகம்

கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

எண்ணெய்க் கறை படிந்த நீலக் கால்சட்டை. அதற்கு மேலே... சிவப்பு தாசினாரி ரேஸ் கார், தரையோடு தரையாக!

"எஜிஸ்தோ...!"

நீவெஸ் அலறிய அலறலில் கராஜ் கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன.

கராஜ் மெக்கானிக்கிடமிருந்து பதில் இல்லை. இனிமேல் வரப்போவதும் இல்லை.

காலை மணி ஒன்பது.

நீவெஸ் மால்வேஸிக்கு வயது ஐம்பத்தொன்று. பழைய கார்களையும் பந்தயங்களையும் படம் எடுப்பதில் இத்தாலியின் மொதேனா வட்டாரத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் எடுத்த படங்களும் கணவன் கொராதோ எழுதிய குறிப்புகளுமாக ஏழு புத்தகங்கள் வந்திருந்தன. அந்தப் புத்தகங்களில் ஒரு கார் இடம்பெற்றால் அது அசல்... அவ்வளவுதான்! மறுபேச்சே கிடையாது.

இருபது நிமிடத்தில் போலீஸ் ஜீப் இருமிக்கொண்டே வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் ஸ்கார்புல்லா இறங்கினார். சிசிலிக்காரர். கட்டை மீசை. குனிந்து, படுத்து, ஜாக்கியைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"ஜாக்கி நழுவிடுச்சா சார்?" நீவெஸ் கேட்டாள்.

"நழுவலைம்மா. எறக்கியிருக்காங்க. திருகு முழுசா தொறந்திருக்கு. அடியில படுத்திருக்கிற ஆளுக்கு இது எட்டாது."

"அப்படின்னா...?"

"கொலை!"

நீவெஸ் பக்கத்திலிருந்த டயர் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"நேத்து சாயந்திரம் எஜிஸ்தோ போன் பண்ணினாரு. 'கண்ணு, அறுபத்தொண்ணுல ஃபூட்டா மலைப் பந்தயத்துல இந்த வண்டியைப் படம் எடுத்தியே, அந்த நெகட்டிவ் இருக்கா? காலைல ஒன்பது மணிக்கு எடுத்துட்டு வா. உன்கிட்ட ஒரு விஷயம் கேக்கணும்'னாரு. குரலே சரியில்லை."

"எடுத்துட்டு வந்தீங்களா?"

"கவர் இருந்துச்சு..." அவள் தயங்கினாள். "உள்ள நெகட்டிவ் இல்லை."

"யாராவது எடுத்திருப்பாங்களா?"

"அலமாரி பூட்டித்தான் இருந்துச்சு சார்."

இன்ஸ்பெக்டர் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தபோது வாசலில் கைத்தடிச் சத்தம்.

லாந்தோ பெர்த்தாச்சி. எழுபத்துநான்கு வயது. ஒரு காலத்தில் அந்தச் சிவப்பு காரில் மலைப்பாதைகளை அலறவிட்டவர். காரின் சொந்தக்காரர். இப்போது கண்ணில் புரை, இடுப்பில் இரும்பு. மறுநாள் பழைய கார் பந்தயத்துக்கு முன்னால் ஒரே ஒரு சுற்று ஓட்ட ஆசைப்பட்டு, பிரேக் பார்க்கச் சொல்லி எஜிஸ்தோவிடம் வண்டியை விட்டிருந்தார்.

நண்பனின் கால்களைப் பார்த்ததும் கிழவரின் தாடை ஆடியது.

"கொன்னுட்டானுங்களா...? உண்மையைச் சொன்னதுக்காகவா?"

"எந்த உண்மை?" இன்ஸ்பெக்டர் ஒரு அடி முன்னால் வந்தார்.

லாந்தோ காரின் மூக்கைத் தடவினார்.

"இது என் வண்டி இல்லை."

"என்னது?!"

"ரெண்டு வருஷமா சொல்றேன் சார். ஸ்டியரிங் என் கையைக் கண்டுக்கவே மாட்டேங்குதுன்னு. கண்ணு போன கிழவன் உளர்றான்னு சிரிச்சானுங்க. நேத்து எஜிஸ்தோ அடியில படுத்துப் பார்த்தான். 'லாந்தோ, நீ சொன்னது சரி. பாறையில மோதினதுக்கு அந்தக் காலத்துல நானே வெச்ச வெல்டிங்கைக் காணோம். இது நகல்!'னான்."

"எப்பேர்ந்து உங்களுக்கு சந்தேகம்?"

கிழவர் நீவெஸைத் திரும்பிப் பார்த்தார்.

"கோவிச்சுக்காத பொண்ணே. உங்க புத்தகத்துக்குப் படம் எடுக்கணும்னு நாலு நாள் வாங்கிட்டுப் போனீங்களே... அது திரும்பி வந்ததுலேர்ந்து!"

நீவெஸ் மனசுக்குள் விரல்விட்டு எண்ணினாள்.

நாலு நாள்.

அதில் இரண்டு நாள்தான் அவள் படம் எடுக்க மலையில் இருந்தாள். 'நீ கிளம்பு. மேகம் கலைஞ்சதும் இன்னும் நாலு படம் எடுத்துட்டு நானே வண்டியை விட்டுட்டு வர்றேன்' என்று சொன்னவன்... கொராதோ!

நேற்று எஜிஸ்தோவின் போன் வந்தபோது எதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தவனும் கொராதோ. 'யாரு போன்ல?' என்று கேட்டான். எல்லாவற்றையும் சொன்னாள். முப்பது வருடப் புருஷனிடம் மறைக்க என்ன இருக்கிறது?

அலமாரிக்கு இரண்டே சாவி. ஒன்று அவளிடம்.

'காலைல ஆறரைக்கே ரேஸ் டிராக்குக்குப் போறேன்னு கிளம்பினானே...'

"சின்யோரா!" இன்ஸ்பெக்டரின் குரல் அவளை உலுக்கியது. "இதைப் பாருங்க. பிணத்துக்குப் பக்கத்துல கிடந்துச்சு."

உடனே படம் துப்பும் கேமராவில் எடுத்த ஒரு படம். வண்டியைப் பிரிக்கும்போது எந்தப் பாகம் எங்கே இருந்தது என்று மறக்காமலிருக்க எஜிஸ்தோ எடுத்துவைக்கும் வழக்கம். சுவர் முழுக்க அப்படிப் படங்கள்தான்.

இதில் முன் சக்கரம். நடுவே, கண்ணாடி மாதிரி மின்னும் வீல் கப்.

"பளபளன்னு இருக்கே... எதிர்ல நின்ன ஆள் இதுல தெரிவானா?"

நீவெஸ் பூதக்கண்ணாடியை எடுத்தாள். பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு, லென்ஸ் மேல் விழுந்தது.

"தெரிஞ்ச முகமா?"

அவள் எழுந்து, இன்ஸ்பெக்டரின் காதருகே நாலு வார்த்தை சொன்னாள்.

ஸ்கார்புல்லாவின் புருவம் மேலே ஏறியது.

* * *

பகல் பன்னிரண்டு. பந்தயத் தடம்.

வெளியே பழைய எஞ்ஜின்கள் ஒத்திகையில் உறுமிக்கொண்டிருந்தன. பத்திரிகையாளர் அறையில் கொராதோ தனியாக இருந்தான். மோர்ததெல்லா இறைச்சி வைத்த ரொட்டியை மென்றுகொண்டே கேமராவுக்குப் பிலிம் மாற்றிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், படம் கழுவும் இருட்டறையின் கறுப்புத் திரை.

"வா நீவெஸ்! எங்க போயிட்ட? வெளிச்சம் பிரமாதமா இருக்கு!"

"எஜிஸ்தோ செத்துட்டாரு."

மெல்லுவது நின்றது.

"ஐயோ... எப்படி?"

"நீயே சொல்லு."

"நான் என்னத்தைச் சொல்ல? என்ன பேசற நீ?"

நீவெஸ் கைப்பையிலிருந்து சக்கரப் படத்தை எடுத்து மேஜை மேல் போட்டாள்.

"சாகறதுக்கு முன்னாடி எஜிஸ்தோ எடுத்தது. பளபளப்புல என்னவெல்லாம் தெரியும்னு எனக்கு நல்லாத் தெரியும். முப்பது வருஷமா அதோடதான மல்லுக்கட்டறேன்? வீல் கப்புல நீ நிக்கிற கொராதோ... தொப்பியோட!"

எஞ்ஜின் ஒன்று அறையை அதிரவைத்துக் கடந்து போனது.

கொராதோ படத்தைத் தொடவில்லை. அவள் முகத்தையே பார்த்தான்.

"போலீஸ்கிட்ட சொல்லிட்டியா?"

"முதல்ல உன்கிட்ட கேக்கணும்னு தோணிச்சு."

அவன் மூச்சை விட்டான். நாற்காலியில் தொப்பென்று சரிந்தான்.

"கெஞ்சத்தான் போனேன் நீவெஸ். சத்தியமா! 'உன் பொண்டாட்டி வரட்டும், அவகிட்டயே சொல்றேன்'னு ஒத்தக்கால்ல நின்னான். 'இந்தா, வெல்டிங் இல்லாததை நீயே பாரு'ன்னு அடியில போய்ப் படுத்தான். கட்டைகூட முட்டுக்கொடுக்கலை. என் கைக்குப் பக்கத்துல ஜாக்கி... ஒரே ஒரு திருகு..."

"அசல் வண்டி எங்க?"

"ஜெனீவாவுல. ஒருத்தன் வீட்டு நிலவறையில."

"அது ஒண்ணுதானா?"

கொராதோ மேஜையிலிருந்த பிலிம் டப்பாவை உருட்டினான்.

"சொல்லு!"

"மூணு."

மூன்று கார்கள். 'எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி எடுத்துட்டுப் போங்க' என்று அவளை நம்பிச் சாவியைக் கொடுத்த மூன்று வீடுகள்!

"ஏன்டா? ஏன்?"

"ஏனா?" அவன் குரல் திடீரென்று உயர்ந்தது. "முப்பது வருஷமா நான் யாரு? நீவெஸ் மால்வேஸியோட புருஷன்! டிரைபாட் தூக்கறவன்! உன் பேரைச் சொன்னா எந்த கராஜ் கதவும் தொறந்துச்சு. அந்தப் பேரால எனக்குன்னு ஏதாவது நடக்கக் கூடாதா?"

"அந்த நெகட்டிவை என்ன பண்ணின?"

"எரிச்சுட்டேன்."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். ஃபூட்டா மலை. மழை. இருபது வயதில் அவள் எடுத்த முதல் பந்தயம். அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டுத்தான் கொராதோ அவளைத் தேடி வந்தான்.

அதையே எரித்திருக்கிறான்.

கொராதோ எழுந்தான். மேஜையிலிருந்த படத்தை எடுத்து நாலாய், எட்டாய்க் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டான். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"முடிஞ்சுது. இப்ப யார் வந்து என்ன கேட்டாலும் நான் காலைலேர்ந்து இங்கதான் இருந்தேன். வாயைத் தொறந்தா உன் பேரும் சேர்ந்து நாறும். ஏழு புத்தகத்துலயும் உன் பேருதான் முதல்ல இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ!"

நீவெஸ் கண்ணைத் திறந்தாள்.

"கொராதோ... நீ இப்ப கிழிச்சது எந்த வண்டிச் சக்கரம்?"

"என்ன?"

"எஜிஸ்தோ சுவத்துல நாப்பது சக்கரம் மாட்டியிருக்காரு. அதுல ஒண்ணை உருவிட்டு வந்தேன். கார் படத்துலயே காலம் தள்ளினவன் நீ... அது தாசினாரியே இல்லைன்னுகூட உன் கண்ணுக்குத் தெரியலை பாரு!"

அவன் முகம் வெளுத்தது.

"அப்போ... நிஜப் படம்?"

"இதோ!"

இருட்டறையின் கறுப்புத் திரை விலகியது. இன்ஸ்பெக்டர் ஸ்கார்புல்லா சட்டைப்பையைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தார். பின்னால், இருட்டறையின் பின்கதவு வழியே அவரோடு நுழைந்து காத்திருந்த இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர் கையில் நோட்டுப் புத்தகம்; பேனா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"பத்திரமா இருக்கு சார். ஆனா அதுல யாருமே இல்லை. ஃபிளாஷ் வெளிச்சம் அடிச்சு ஒரே வெள்ளை! உங்க மூஞ்சியை நீங்களேதான் வரைஞ்சு குடுத்தீங்க."

"நீவெஸ்!" கொராதோ அலறினான். "உன் பேரே போயிடும்டி!"

"போகட்டும்." அவள் குரல் உடைந்தது. "மூணு வீட்டுக்கும் நானே போய் அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்றேன். லாந்தோ வீட்டுக்கு முதல்ல."

அவள் அவனைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

விலங்கு பூட்டிய கொராதோவை வாசலுக்கு இழுத்து வந்தார்கள். ஓட்டை ஜீப் புகை கக்கியபடி காத்திருந்தது.

இன்ஸ்பெக்டர் பணிவாகக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க சார். இது அசல்தானான்னு சந்தேகமே வேண்டாம்... இந்த வண்டியை நகல் எடுக்க எவனுக்கும் மனசு வராது!"