சுவர்ப்பக்கம் சாய்ந்த செடிகள்

மலீஹா கத்தரிக்கோலோடு உள்ளறைக்குள் நுழைந்தபோது, செடிகள் மறுபடியும் விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன.

ஜன்னல் இல்லாத அறை அது. கடற்கரைச் சாலை விடுதிகளுக்குக் கொடுப்பதற்காக, மேலே ஊதா நிற எல்இடி விளக்கு மாட்டி மணிபிளான்ட் வளர்த்துவந்தாள். விளக்கின் ஓயாத ரீங்காரம், ஈரத் தேங்காய் நார் வாசனை, கதவிடுக்கில் நுழையும் உப்புக் காற்றின் பிசுபிசுப்பு. செடி என்றால் வெளிச்சத்துப் பக்கம் சாயும். இவை சுவர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. காலையில்தான் எல்லாத் தொட்டிகளையும் திருப்பி வைத்திருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஆறு வயது மகள் அர்வா படுத்திருந்தாள். காய்ச்சல் இல்லை. ஆனாலும் நாளுக்கு நாள் வெளிறிக்கொண்டே போனாள்.

சுவரைத் தொட்ட இலைகளை மலீஹா காம்போடு நறுக்கினாள். வெட்டுவாயில் கசிந்த நீர் விரலில் வெதுவெதுப்பாகப் பட்டது.

கைபேசி அடித்தது. கணவன் உவைஸ்.

"புள்ள சாப்ட்டாளா?"

"ரெண்டு வாய் கஞ்சிதான். ஏங்க, செடிங்க எல்லாம் அவ படுத்துகினு கீற பக்கமே சாயுதுங்க. பயமா கீது."

"செடிய வுட்டுட்டு புள்ளகிட்ட போய் ஒக்காரு. திருக்கழுக்குன்றம் தாண்டிட்டேன். வந்ததும் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிடலாம்."

ஒரு தொட்டியைத் தூக்கப் பார்த்தாள். வரவில்லை. அடித்துளை வழியே இறங்கிய வேர்கள் தரையோடு ஊர்ந்து சுவர் விரிசலுக்குள் போயிருந்தன.

அப்போது கரண்ட் போனது. ரீங்காரம் நின்றது. அறை இருண்டிருக்க வேண்டும். இருளவில்லை. விரிசல் வழியாகச் சிவப்பு வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

அர்வாவின் அறைக்கு ஓடினாள்.

கட்டிலுக்கடியிலிருந்து கொடிகள் ஏறி மெத்தையெங்கும் படர்ந்திருந்தன. உள்ளங்கைக்குப் பின்னால் டார்ச் அடித்ததுபோல, குழந்தையின் நெஞ்சு தோலுக்குள்ளிருந்து சிவப்பாக ஒளிர்ந்தது. அதன்மேல் இலைகள் அப்பிக் கிடந்தன. ஒவ்வொரு இலையும் பளபளக்கப் பளபளக்க, நெஞ்சின் ஒளி மங்கியது.

வெட்டினாள். ஒன்று விழ, இன்னொன்று நிமிர்ந்தது. மறுபடியும் வெட்டினாள்.

"அம்மா, வெட்டாதம்மா. எனக்கு வலிக்குது."

கை நின்றது. ஒளி இன்னும் மங்கியது. வெட்டினாள். அர்வா துடித்தாள்.

கத்தரிக்கோலை வீசிவிட்டு, கொடிகளை வாரித் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். "என்ன எடுத்துக்கோ. அவள வுட்டுடு. யா அல்லாஹ், என்ன எடுத்துக்கோ."

இலைகள் வழுக்கின. அவள் வேண்டாம் என்பதுபோல. ஒவ்வொன்றாகக் குழந்தையிடமே திரும்பின.

ஒளி கழுத்துக்கு ஏறியது. கன்னத்துக்கு. பிறகு எங்கும் இல்லை.

வாசலில் பைக் நின்றது.

"அர்வா! அத்தா வந்துட்டேன்!"

அர்வா கண் திறந்தாள். சிரித்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

நாக்கு இருக்க வேண்டிய இடத்தில், சுருண்ட வெளிர்பச்சைத் தளிர் ஒன்று மெல்ல விரிந்துகொண்டிருந்தது.