பலவீனம்: எளிதில் நம்பிவிடுவேன்

செண்பகவல்லியின் நிழலாள் வேலைக்குச் சேர்ந்து அன்றோடு மூன்று நாள். மதுரையில் ஒரு குளிர்பெட்டி நிறுவனத்தின் குறைதீர் பிரிவில் அது மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருக்க, அசல் செண்பகவல்லி கோவில்பட்டியில் தன் கல்லூரி உணவகத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நேர்முகத் தேர்வெல்லாம் ஒழிந்து பல வருடமாயிற்று. இப்போது தன்விவரத் தாளை நிழல்வார்ப்பியில் செருகினால் போதும். தாளில் எழுதிய குணமும் திறமையும், எழுதியவரின் குரலும் கொண்ட ஒரு நிழலாளை அது வார்த்துக் கொடுத்துவிடும். உடம்பு கிடையாது, தொலைபேசியிலும் திரையிலும் மட்டும் உழைக்கும். மூன்று நாள் பார்த்துவிட்டு, பிடித்தால் அசல் ஆளைக் கூப்பிடுவார்கள். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நான்காம் நாள் நிழலாளைக் கலைத்துவிட வேண்டும் என்பது சட்டம். மூன்று நிழலாள்கள் தோற்றால் ஓராண்டுக்கு எங்குமே விண்ணப்பிக்க முடியாது என்பதும் சட்டம்தான். செண்பகவல்லிக்கு இரண்டு தோற்றாயிற்று. இதுவும் கைவிட்டுப் போனால் கடலைமிட்டாய் கம்பெனியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலம் போட வேண்டியதுதான்.

முதல் இரண்டு தாள்களையும் அவளே யோசித்து எழுதினாள். வினையே அதுதான். பலவீனம் என்ற கட்டத்தில், 'எதையும் சட்டென்று நம்ப மாட்டேன்' என்று உள்ளதை உள்ளபடி எழுதிவைத்தாள். அவள் அப்படித்தான், பால் பாக்கெட்டில் தேதியைப் பார்த்த பிறகும் ஒருமுறை மோந்து பார்ப்பாள். அந்த நிழலாள்கள் மேலாளர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் ஆதாரம் கேட்டன. முதல் நாளே மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்கள்.

சீனியர் ரூபாவதிதான் இரக்கப்பட்டுத் தன் தாளைக் கொடுத்தாள்.

"ஏட்டி, பலவீனம்னு கேட்டா நெசமான பலவீனத்தையா எழுதுவாக? 'எல்லாரையும் எளிதில் நம்பிவிடுவேன்'னு போடு. கேக்க நல்லாருக்கும், யாருக்கும் நட்டமில்ல. காலங்காலமா எல்லாரும் இதத்தான போடுதாக."

"வார்ப்பி அத நெசம்னு எடுத்துக்கிட்டா என்னக்கா செய்ய?"

"என் நிழலுக்கு ஒண்ணும் ஆவலையே. எனக்குப் படம் வரையிற வேலை. அங்க யார நம்பணும், சொல்லு?"

செண்பகவல்லி பேரையும் ஊரையும் மட்டும் மாற்றி அனுப்பினாள்.

மாலை நான்கு மணிக்கு முடிவு வந்தது. 'தேர்வாகவில்லை. காரணம்: நிறுவனம் சொல்வதை அப்படியே நம்புகிறார்.'

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நிழலாளின் நாட்பதிவை எழுதியவர் பார்க்கலாம் என்பதால் திறந்து பார்த்தாள். முதல் நாள் காலை, புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்லும் வரவேற்புரையை மேலாளர் சொல்லியிருந்தார்: 'நமக்கு வாடிக்கையாளர்தான் முதலாளி. கூப்பிட்ட ரெண்டு மணி நேரத்துல நம்ம ஆள் அங்க நிப்பார்.' நிழலாள் அதை நம்பிவிட்டது. பெட்டி சத்தம் போடுகிறது என்று சொன்னவர்களையும் நம்பியது. நம்பி, ஆளை அனுப்பிக்கொண்டே இருந்தது. வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காத வீடுகளுக்கெல்லாம் நிறுவனத்தின் ஆட்கள் மூன்று நாளில் அலைந்து ஓய்ந்துபோனார்கள்.

கடைசி அழைப்பில் அது ஒரு பெண்ணிடம், "நாளைக்கு நானே கூப்பிட்டுக் கேக்கேன்க்கா" என்று சொல்லியிருந்தது. தன் குரலில் யாரோ ஒருத்தி அவ்வளவு வெள்ளந்தியாகப் பேசியதைக் கேட்கக் கேட்க செண்பகவல்லிக்கு அழுகை வந்தது. நாளைக்கு அது இருக்கப் போவதில்லை. அதை யாரும் அதனிடம் சொல்லவுமில்லை.

ஒரு வாரம் கழித்து அந்த மேலாளரே கூப்பிட்டார். அவள் விண்ணப்பிக்கத்தான் தடை, அவர்களாகக் கூப்பிடத் தடையில்லை. பெயர் தனஞ்செயன்.

"வேலைக்கு வர்றீங்களாம்மா? செண்பகவல்லிகிட்டதான் பேசுவோம்னு ஜனங்க ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. கலைச்சாச்சுன்னா கேக்க மாட்டேங்கிறாங்க."

வாயை மூடிக்கொண்டு சரி என்றிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"சார், அது சீனியர் தாள்ல இருந்தது. நான் யாரையும் லேசுல நம்ப மாட்டேன்."

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு" என்றார் அவர் நிம்மதியாக. "பேரும் குரலும் அதுவா இருக்கட்டும். குணம் உங்களோடதா இருக்கட்டும்."

சேர்ந்த அன்று அவளுக்கு ஒரே ஒரு பாடம்தான் நடத்தினார்கள். ஆள் அனுப்புவதற்கு முன் ஐந்து கேள்வி கேட்க வேண்டும். மூன்றாவது கேள்விக்குள் பாதிப் பேர் சலித்துப்போய் வைத்துவிடுவார்களாம்.

முதல் அழைப்பு சாத்தூரிலிருந்து வந்தது.

"செண்பகவல்லியாம்மா? உங்களத்தான் கேட்டு ஒரு மணி நேரமா காத்துக் கெடக்கேன். போன வாரம் ஆள் அனுப்பிச் சரிபண்ணிக் குடுத்தீகள்ல? மறுபடி கடகடங்குது. பிள்ளைக்குப் போடுத இன்சுலின் உள்ள இருக்கு."

"பெட்டிய நீங்களா எதுவும் நகட்டுனீங்களா?" கேள்வி அவள் வாயில் தானாக வந்தது.

அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "நீங்க அந்தச் செண்பகவல்லி இல்லையா?"

இன்னும் நான்கு கேள்வி பாக்கி. எதிரே கண்ணாடி அறையில் தனஞ்செயன் காதுக்கருவியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் நாளே வேலை போயிற்று என்று அம்மாவிடம் எந்த முகத்தோடு சொல்வது?

"நாந்தாங்க்கா. சத்தம் வருதுன்னா வருது. ஆள் அனுப்புறேன்" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினாள்.

தனஞ்செயன் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் சுவர்த்திரையில், செண்பகவல்லிக்காக மட்டும் நாற்பத்தோரு பேர் காத்திருந்தார்கள்.

"ஒரு கேள்வியோட அனுப்பிட்டீங்க. யாரையும் நம்ப மாட்டேன்னு சொன்னீங்களே?"

"நம்பிட்டேன் சார்" என்றாள். "அது என்னோட பலவீனம். தாள்லயே எழுதிக் குடுத்திருக்கேன்ல?"